குதுபாலோங்கில் ஆறு நாள்: குடத்து நீரும் குழிக் கசடும்

முதல் நாள்: காக்ஸ் பஜாரிலிருந்து உகியா

பங்களாதேஷின் காக்ஸ் பஜாரிலிருந்து தெற்கே இரண்டு சாலைகள் போகின்றன. ஒன்று கடலை ஒட்டி டெக்னாஃப் வரை 80 கிலோமீட்டர் ஓடும் மரைன் டிரைவ். இன்னொன்று ஊர்களுக்கு நடுவே போகும் உள்சாலை. ரோஹிங்கியா அகதிகளின் முகாம் வேலைக்குப் போகிற வண்டிகளெல்லாம் உகியாவில் இந்த உள்சாலைக்கு வந்தாக வேண்டும். மூங்கில் ஏற்றிய லாரி, சமையல் எரிவாயு உருளைகள் ஏற்றிய லாரி, செப்டிக் டேங்க் உறைகளை அடுக்கிய வண்டி என்று வரிசையாகப் போவதைப் பார்த்தாலே முகாம் நெருங்குகிறது என்று தெரிந்துவிடும். நெரிசலைப் பொறுத்து ஒன்றரை மணி நேரப் பயணம்.

2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் சில மாதங்களில் எல்லை தாண்டி வந்தார்கள். குதுபாலோங்கிலும் நயாபாராவிலும் 1990களின் தொடக்கத்தில் வந்தவர்களுக்கான பழைய முகாம்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த காட்டுக் குன்றுகளை வெட்டித்தான் புதியவர்கள் குடியேறினார்கள். இப்போது உகியா, டெக்னாஃப் இரண்டு வட்டங்களிலுமாக 33 முகாம்கள். குதுபாலோங்கும் பாலுகாலியும் ஒட்டி வளர்ந்த பெருமுகாம் மட்டும் ஏறத்தாழ 13 சதுர கிலோமீட்டர். அதில் 6 லட்சத்துக்கு மேல் மக்கள்.

இந்த எண்ணை ஒரு தடவை வகுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போவது நல்லது. சாலை, சரிவு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 21 சதுர மீட்டர் சொச்சம். நிவாரணப் பணிகளுக்கான ஸ்பியர் அளவுகோல் சொல்வது 45. நெருக்கடி என்ற சொல் இங்கே நேரடியாகக் குடிநீரைத் தொடுகிறது. கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 30 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு அடிபம்பைச் சுற்றி 30 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் 2,800 சதுர மீட்டருக்குச் சற்று மேல் வரும். இந்த நெரிசலில் அந்த வட்டத்துக்குள் சுமார் 130 பேர் குடியிருப்பார்கள். 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்ற கணக்கில் ஆறேழு கழிப்பறைகளை அந்த வட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டும். வெளியே எங்கே? அங்கே அடுத்த அடிபம்பின் வட்டம் தொடங்கிவிடுகிறது. விதியை யாரும் அலட்சியப்படுத்தவில்லை, விதிக்கு இடமே இல்லை. இந்த முகாமின் தண்ணீர்க் கதையும் கழிவுக் கதையும் இந்த ஒரு வட்டத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

மாலையில் உகியா கடைத்தெருவில் நம்பர் 6 பம்புக்கான வாஷர்கள் சரம் சரமாகத் தொங்குவதைப் பார்த்தோம். நாளை அதைப் பற்றி.

இரண்டாம் நாள்: அடிபம்பும் தொட்டியும்

பங்களாதேஷின் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் நம்பர் 6 அடிபம்பைப் பார்க்கலாம். வார்ப்பிரும்பு உடல், நீண்ட கைப்பிடி, உள்ளே பிஸ்டனில் ஒரு வாஷர். பிஸ்டன் தரைக்கு மேலேயே இருப்பதால் இது நீரை உறிஞ்சித்தான் எடுக்கும். நீர்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் எவ்வளவு அடித்தாலும் வராது. பங்குனி, சித்திரையில் முகாமுக்குள் பல பம்புகள் ஓய்ந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். பழுது என்று நினைத்து வாஷரை மாற்றுகிறார்கள். வாஷர் நன்றாகத்தான் இருக்கும்.

இந்தக் கிணறுகளைப் போடும் முறையையும் அருகில் நின்று பார்த்தோம். மூங்கில் சாரம் கட்டி, இரும்புக் குழாயை நெம்புகோலால் தூக்கித் தூக்கி நிலத்தில் குத்துகிறார்கள். சாரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவரின் உள்ளங்கைதான் வால்வு. குழாய் மேலே வரும்போது வாயைக் கையால் அடைக்கிறார், கீழே இறங்கும்போது விடுகிறார். ஒவ்வொரு குத்துக்கும் சேறும் மணலுமாகக் குழாய் வழியே மேலே பீறிடுகிறது. மணல் சரியாமல் இருக்கத் துளைக்குள் சாணம் கரைத்த நீரை ஊற்றும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இயந்திரம் எதுவும் தேவையில்லை, வேகமாகவும் முடிந்துவிடும். 2017இல் சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கில் கிணறுகள் முளைத்தது இப்படித்தான். அந்த வேகத்தில் விட்டுப்போனது ஒன்று உண்டு. குழாய்க்கும் துளைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, மேலேயிருந்து முதல் 3 மீட்டருக்காவது, சிமென்ட் கலவையாலோ நல்ல களிமண்ணாலோ இறுக அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் மேடையில் சிந்தும் அழுக்கு நீர் குழாயின் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டே நேராகக் கீழே இறங்கும். கிணறு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பயனில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. வாஷர் தேய்ந்த பம்பில் இரவில் நீர் இறங்கிவிடும். காலையில் முதலில் வருபவர் ஒரு குவளை நீரைப் பம்பின் தலையில் ஊற்றி, பிறகு அடிப்பார். அந்தக் குவளை நீர் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மேடையில் தேங்கிக் கிடந்த நீர். அதிலிருக்கும் கிருமி பம்புக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. சில டாக்கா (பங்களாதேஷ் நாணயம்) விலையுள்ள வாஷரை வேளைக்கு மாற்றினால் இதைத் தவிர்க்கலாம். பம்பு பராமரிப்பவர் பையில் வாஷர், நட்டு, ஸ்பேனர் இருக்கிறதா என்று பார்த்தாலே அந்தப் பகுதிக் குடிநீரின் நிலைமையைப் பாதி சொல்லிவிடலாம்.

உகியா பக்கம் ஆழத்தில் நல்ல நீர் உண்டு. அதனால் இப்போது ஆழ்துளைக் கிணறு, சூரிய மின்சக்தி மோட்டார், குன்றின் மேல் தொட்டி, கீழே குழாயடி என்ற ஏற்பாட்டுக்குப் பெரும்பகுதி மாறிவிட்டார்கள். குன்றுகள் என்பதால் அழுத்தம் ஒரு தலைவலி. 10 மீட்டர் உயர வேறுபாட்டுக்கு 1 பார் அழுத்தம். பள்ளத்துக் குழாயில் நீர் சீறும், மேட்டுக் குழாய் சொட்டும். பகுதிவாரியாக வால்வு வைத்து, மேட்டுக்குத் தனி நேரம் ஒதுக்கினால்தான் சண்டை தீரும். குழாய்கள் தானே மூடிக்கொள்ளும் வகை. அழுத்திப் பிடிக்கச் சலித்த பிள்ளைகள் சரடால் கட்டிவிடுகிறார்கள், தொட்டி காலியாகிவிடுகிறது. சரடைக் கண்டால் பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 7.5 லிட்டர் வர வேண்டும். அதற்குக் குறைந்தால் சரடு கட்டத்தான் செய்வார்கள்.

"250 பேருக்கு ஒரு குழாய்" என்ற ஸ்பியர் அளவுகோலையும் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தலைக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்றால் 250 பேருக்கு 3,750 லிட்டர். நிமிடத்துக்கு 7.5 லிட்டர் வீதம் அதைப் பிடிக்க 8 மணி 20 நிமிடம் ஆகும், அதுவும் ஒரு குடத்துக்கும் அடுத்த குடத்துக்கும் இடையில் ஒரு நொடிகூட வீணாகாமல். அதாவது அந்த அளவுகோலுக்குள் எட்டு மணி நேர விநியோகம் ஒளிந்திருக்கிறது. காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி மட்டும் நீர் விடும் இடத்தில் ஒரு குழாய் 120 பேருக்குத்தான் போதும். அறிக்கையில் குழாய் எண்ணிக்கை சரியாக இருந்தும் வரிசை நீள்வது இதனால்தான்.

இனி குளோரின். 65 சதவீத வீரியமுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் துகளில் 15 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல். நான்கு 20 லிட்டர் வாளிகளில் அதே கிணற்று நீரை எடுத்து 2, 3, 4, 5 மில்லி என்று விட வேண்டும். இவை லிட்டருக்கு 1, 1.5, 2, 2.5 மில்லிகிராம் குளோரினுக்குச் சமம். கலக்கி, மூடி, 30 நிமிடம். பிறகு எஞ்சிய குளோரினை அளந்து, நமக்கு வேண்டிய அளவு எந்த வாளியில் நிற்கிறதோ அந்த விகிதத்தைத் தொட்டிக்குப் பெருக்க வேண்டும். 95 கன மீட்டர் தொட்டி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 190 கிராம் குளோரின். துகள் கணக்கில் ஏறத்தாழ 290 கிராம். இந்தக் குன்றுகளின் நீரில் இரும்பு கூடுதல். இரும்பு முதலில் குளோரினைத் தின்றுவிடும். அதனால் ஒரு கிணற்றில் சரியாக வந்த அளவை அடுத்த கிணற்றில் அப்படியே போடக் கூடாது. துகள் டப்பாவை டீசல் கேன்களோடு ஒரே அறையில் வைத்திருப்பதையும் சில இடங்களில் பார்த்தோம். இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும். தனி அறை, காற்றோட்டம், தரையிலிருந்து உயர்த்திய பலகை, இவை கட்டாயம். டப்பா திறந்து நாளாக நாளாக வீரியம் குறையும் என்பதால் மூடியில் திறந்த தேதியை எழுதி வைக்க வேண்டும்.

மாலை நான்கு மணிக்கு ஒரு குடிலில், காலையில் பிடித்த நீரை அளந்தோம். அலுமினியக் குடம். கோல்ஷி என்கிறார்கள், கலசம்தான், நம் ஊர்க் குடம் போலவே இடுப்பில் ஏறி உட்காரும். சோதனைக் குப்பியில் 10 மில்லி நீர், அதில் ஒரு டி.பி.டி. மாத்திரை, குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்குவது. மாத்திரையை விரலால் தொடாமல் உறையிலிருந்தே தள்ள வேண்டும். இளஞ்சிவப்பு வரவில்லை, தண்ணீரில் நிறமே இல்லை. காலையில் குழாயடியில் இதே நீர் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டியது. வெயில், தகரம்போல் காயும் தார்ப்பாய்க் கூரை, வாய் திறந்த குடம், உள்ளே விட்டு மொள்ளும் கை எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன. தெற்கு சூடானின் மாபான் முகாம்களில் நடந்த ஆய்வு இதையேதான் சொன்னது. பத்து மணி நேரம் கழித்தும் வீட்டு நீர் பாதுகாப்பாக இருக்க, குழாயடியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வேண்டும். ஆனால் 1 மில்லிகிராம் வைத்தால் வாடை வருகிறது என்று மக்கள் பழைய அடிபம்புக்கே போய்விடுவார்கள். ராக்கைனில் அவர்கள் குடித்துப் பழகியது குளோரின் இல்லாத நீர். வாரத்துக்குச் சிறிது சிறிதாக ஏற்றிப் பழக்குவதும், குறுகிய வாய் மூடியுள்ள கேனைக் கொடுப்பதும், எதற்காக அந்த வாடை என்று அவர்கள் மொழியில் விளக்குவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ரோஹிங்கியா மொழியில் "கா லாமானி" என்பார்கள், உடம்பு இறங்கிப் போகிறது என்ற பொருளில். இதை அறியாத மருத்துவப் பணியாளர் உடல் சோர்வு என்று எழுதிக்கொண்டுவிடுவார்.

மூன்றாம் நாள்: ஐந்து உறைக் குழி

இன்று முழுக்கக் கழிப்பறைகள்.

தொடக்க மாதங்களில் கட்டியவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. மூன்று முதல் ஐந்து சிமென்ட் உறைகள், மேலே ஒரு பலகை, பிளாஸ்டிக் கோப்பை, மூங்கில் சட்டம், தார்ப்பாய்ச் சுவர். ஒரு உறை மூன்றடி விட்டம், ஓரடி உயரம். ஐந்து உறை இறக்கினால் உள்ளே 950 லிட்டர் கொள்ளும். 20 பேர் பயன்படுத்தும்போது என்ன ஆகும்? மலமும் சிறுநீருமாக ஆளுக்கு ஒன்றரை லிட்டர். கழுவவும் கோப்பையைத் தள்ளவும் குறைந்தது 4 லிட்டர். ஒரு நாளைக்கு 110 லிட்டர். அடியில் களிமண் இருந்து ஒரு சொட்டும் உறிஞ்சாவிட்டால் ஒன்பதாம் நாள் குழி நிறைந்துவிடும். அடியில் மணல் இருந்தால் அதே குழி பல மாதம் தாங்கும், ஆனால் அந்த நீர் எங்கோ போகிறது. குன்றின் மேலே கழிப்பறை, பள்ளத்தில் அடிபம்பு என்றால் எங்கே போகிறது என்று சொல்லத் தேவையில்லை. நிறையாத குழியைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, அதன் கீழே யார் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். குழியின் அடிக்கும் மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே 1.5 மீட்டராவது மண் வேண்டும். கோடையில் தோண்டுபவர் கோடை மட்டத்தைப் பார்த்துத் தோண்டிவிடுகிறார். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடம் இது. ஆடி மாதம் வந்து பார்த்தால் குழிக்குள் ஊற்று.

கட்டுவதற்கு முன் ஊறல் சோதனை செய்ய அரை நாள் போதும். குழி ஆழத்துக்கு ஒரு சிறு துளை போட்டு, நீர் ஊற்றி, மண் நன்றாக ஊறிய பிறகு மறுபடி நிரப்பி, அரை மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று ஒரு குச்சியில் குறிக்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் அங்கே தனிக் குழி வேண்டாம். மூடிய தொட்டி கட்டி, வாரத்துக்கு எத்தனை நடை உறிஞ்ச வேண்டும் என்று முதலிலேயே பணம் ஒதுக்கிவிட வேண்டும். இறங்குகிறது, கிணறும் தொலைவில் இருக்கிறது என்றால் இரட்டைக் குழி. ஒன்று நிறைந்ததும் வாயை மாற்றி, முதல் குழியை ஓராண்டுக்கு மேல் மூடிவைத்தால் உள்ளே இருப்பது மண்போல் ஆகிவிடும். குடியிருப்பு நெருங்கிய இடத்தில் இரண்டாம் குழிக்கு இடம் கிடைக்காது என்பதுதான் மறுபடியும் முட்டுகிற சுவர்.

சரிவில் கட்டியவை மழைக்கு உருளும். மேல் பக்கம் குழியைச் சுற்றி ஒரு வடிகால் வெட்டி, உறையின் தலையைத் தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்த்தி, சுற்றி மண் இறுக்கினால் பெரும்பாலும் தப்பிக்கும். உறைகளின் இணைப்பைச் சாந்தால் பூசாமல் விட்டால் மழை நீர் அந்த இடுக்கு வழியாகத்தான் முதலில் நுழையும். தார்ப்பாய்ச் சுவர் ஒரு பருவம்தான். மூங்கிலை அடிமுனைக்குச் சிகிச்சை செய்யாமல் நட்டால் ஓரிரு ஆண்டில் கரையானும் பூச்சியும் தின்று தூளாகும். அதனால் இப்போது மூங்கிலை ஊறவைத்துப் பதப்படுத்தும் வேலையே முகாமில் தனியாக நடக்கிறது.

கோப்பை உடைந்தோ தாழ்ப்பாள் விழுந்தோ போன கழிப்பறையை மக்கள் ஒரே நாளில் கைவிடுகிறார்கள். பக்கத்துக் கழிப்பறையில் அன்றே கூட்டம் இரட்டிக்கிறது, அதன் குழி வழக்கமாக ஆகும் நாட்களில் பாதியிலேயே நிறைகிறது, அதுவும் கைவிடப்படுகிறது. ஒரு தாழ்ப்பாளிலிருந்து தொடங்கி ஒரு வரிசையே படுத்துவிடும். எத்தனை கழிப்பறை கட்டினோம் என்ற பலகையை எல்லா இடத்திலும் பார்த்தோம். இன்று காலை எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று எழுதிய பலகை ஓரிடத்தில்தான் இருந்தது. சுண்ணாம்பால் எழுதி, தினமும் அழித்து எழுதுகிறார்கள். அந்த வரிசை சுத்தமாகவும் இருந்தது.

நான்காம் நாள்: கசடு போகும் வழி

நிறைந்த குழியிலிருந்து கசடை எடுப்பவர்களோடு காலை ஆறு மணிக்கே தொடங்கினோம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. உறிஞ்சு லாரி இந்தப் படிக்கட்டுச் சந்துகளில் நுழையாது. பெட்ரோலில் ஓடும் சிறு டயஃப்ரம் பம்பு, குழல், அங்கங்கே இடைத்தொட்டி. தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குக் குழாய். குழாய் எட்டாத இடத்தில் மூடி போட்ட பீப்பாயை மூங்கில் கட்டித் தோளில் சுமக்கிறார்கள்.

பம்பை நிறுத்துவது கசடு அல்ல, துணி. கந்தல், பிளாஸ்டிக் பை, மாதவிடாய்த் துணி, கல். முதலில் நீளக் கொக்கியால் இவற்றை மீன் பிடிப்பது போல எடுத்து மூடியுள்ள வாளியில் போட வேண்டும். அடியில் இறுகிய கசடு தானாக ஏறாது. கொஞ்சம் நீர் விட்டுக் கழியால் கலக்கிய பிறகே உறிஞ்ச வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது. விஷவாயு தாக்கிச் செத்தவர்களின் செய்தியை ஆண்டு தவறாமல் படிக்கும் நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் வரை காலணி, முழங்கை வரை கையுறை, முகக்கவசம், வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் குளிக்க நீர். கடைசியாகச் சொன்னதுதான் அடிக்கடி விட்டுப்போகிறது. கையுறை வாங்கப் பணம் ஒதுக்கியவர்கள் குளியல் நீரை ஒதுக்கவில்லை.

மழைக்காலத்தில் குழியை அடிவரை வழித்தெடுக்கக் கூடாது. வெளியே நிலத்தடி நீர் அழுத்த, உள்ளே எதுவும் இல்லாவிட்டால் உறை நகர்ந்து சரியும். ஒரு உறை உயரத்துக்குக் கசடை விட்டுவைப்பது பாதுகாப்பு. நாற்றத்துக்கென்று பிளீச்சிங் பவுடரையோ ஃபினாயிலையோ குழிக்குள் கொட்டுவதும் தப்பு. மலத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும், பின்னால் சுத்திகரிப்பு நிலையமும் கெடும். சிந்திய இடத்தில் மேலே சுண்ணாம்பு தூவினால் போதும்.

பிற்பகலில் நான்காம் முகாமின் விரிவுப் பகுதி. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நிதியில் ஆக்ஸ்ஃபாம் கட்டி 2019இல் இயங்கத் தொடங்கிய மலக்கசடுச் சுத்திகரிப்பு நிலையம் இங்கேதான் இருக்கிறது. நாளொன்றுக்கு 40 கன மீட்டர், ஒன்றரை லட்சம் பேரின் கழிவு என்ற அளவுக்குக் கட்டியது. நேற்றைய ஐந்து உறைக் கணக்கில் தினம் 42 குழிகள். மின்சாரத்தை நம்பாமல் ஈர்ப்பு விசையில் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கும் குளங்கள். முதல் குளங்களில் காற்றில்லாமல் சிதைவு, திடப்பொருள் அடியில் படிகிறது. அடுத்து செடி வளர்ந்த சரளைப் படுகைகள் வழியாக நீர் வடிகிறது. வேருக்கும் கல்லுக்கும் நடுவே மீதி வேலை நடக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது நுழைவாயில் வலை. அதில் சிக்கும் குப்பையைத் தினமும் வழிக்காவிட்டால் படுகைச் சரளை அடைத்துக்கொள்ளும், பிறகு சரளையைத் தோண்டிக் கழுவுவதைத் தவிர வழியில்லை.

இடம் இல்லாத முகாம்களில் சுண்ணாம்பு முறை. கசடில் நீர்த்த சுண்ணாம்பைக் கலந்து பி.எச். (காரத்தன்மையின் அளவு) 12க்கு ஏற்றி, இரண்டு மணி நேரம் அங்கேயே நிறுத்த வேண்டும். ஒரு கன மீட்டர் கசடுக்குச் சாதாரணமாக 10 முதல் 17 கிலோ. கெட்டியான கசடுக்கு இன்னும் கூடும், அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும் பி.எச். தாளால் பார்த்தே நிறுத்த வேண்டும். சில நிமிடத்தில் 12 காட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் 10க்கு இறங்கினால் கலக்கியது போதவில்லை என்று பொருள். ஈரம் பட்டுக் கட்டியான சுண்ணாம்பு எவ்வளவு போட்டாலும் ஏறாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வை போகும், கண்ணாடி இல்லாமல் மூட்டையைப் பிரிக்க விடக் கூடாது. வேகமான முறைதான், இருந்தாலும் மூட்டை வாங்கப் பணம் இருக்கும் வரைதான் ஓடும். நிதி சுருங்கும்போது புதுக் கட்டடம் நிற்பது எல்லோர் கண்ணிலும் படுகிறது. கசடு எடுக்கும் நடை வாரத்துக்கு மூன்றிலிருந்து இரண்டாகக் குறைவது படுவதில்லை.

ஐந்தாம் நாள்: பெண்களின் பக்கம்

இன்றைய பேச்செல்லாம் பெண்கள் குழுவில், எங்களோடு வந்த பெண் பணியாளர்கள் கேட்டு எழுதியது.

பகலில் கழிப்பறைக்குப் போகாமல் இருக்க இங்குள்ள பெண்கள் குறைவாகச் சாப்பிடுகிறார்கள், குறைவாக நீர் குடிக்கிறார்கள். ஆண்கள் நிற்கும் வழியைத் தாண்டிப் போக வேண்டும் என்பது ஒரு காரணம். ஆண் பெண் கழிப்பறைகள் ஒரே வரிசையில் இருப்பது இன்னொன்று. கதவில் பெண் உருவம் வரைந்ததால் மட்டும் அது பெண்கள் கழிப்பறை ஆகிவிடாது. வாசல் வேறு பக்கம் திரும்பியிருக்க வேண்டும், நடுவே மறைப்பு வேண்டும், உள்தாழ்ப்பாள் வேண்டும், இரவில் வெளிச்சம் வேண்டும். பொதுக் கழிப்பறைகளில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று என்ற விகிதத்தை ஸ்பியர் சொல்வது ஒன்றும் சலுகையல்ல. பிள்ளைகளைக் கூட்டிப்போவதும் அவர்கள்தான்.

பல குடும்பங்கள் குடிலுக்குள்ளேயே ஒரு மூலையை மறைத்துக் குளியலறை ஆக்கியிருக்கின்றன. தடுத்துப் பயனில்லை. அந்த மூலைக்கு ஒரு சிமென்ட் தளமும், அரை அங்குலச் சரிவும், வெளியே வடிகாலில் சேரும் ஒரு குழாயும் கொடுத்தால் குடிலின் மண்தரை ஊறாமல் இருக்கும். தூரத்தில் கட்டிய பொதுக் குளியலறையைவிட இது நன்றாகப் பயன்படுகிறது.

மாதவிடாய்த் துணியை வெயிலில் காயப்போட முடியாமல் மற்ற துணிக்கு அடியில் ஈரமாகவே ஒளித்து வைக்கிறார்கள். அதனால் புண். பெண்கள் குளியல் அடைப்புக்குள் மேலே வெயில் விழும்படி திறந்த, பக்கவாட்டில் மறைத்த ஒரு கொடி கட்டினாலே பாதி தீர்ந்துவிடும். துவைத்த நீர் திறந்த வடிகாலில் சிவப்பாக ஓடக் கூடாது என்பதும் அவர்கள் கேட்டது. அந்த அடைப்பின் வடிகாலை முதல் சில மீட்டருக்காவது மூட வேண்டும். துணி நிறமும் முக்கியம், கருநிறம் கேட்கிறார்கள். வெள்ளை வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சோப்பு அளவுகோல் மாதத்துக்கு ஆளுக்குக் குளிக்க 250 கிராம், துவைக்க 200 கிராம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2023இல் சொன்னபடி முகாம் மக்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்குச் சொறி சிரங்கு. மருந்து பூசிய அன்றே வீட்டிலுள்ள எல்லோருடைய துணியையும் பாயையும் துவைத்துக் காயவைக்காவிட்டால் அடுத்த மாதம் திரும்ப வரும். தலைக்கு 15 லிட்டரில் ஆறு பேர் குடும்பத்துக்கு 90 லிட்டர். அதில் சமையல் போக மிச்சத்தில் ஒரே நாளில் அத்தனையும் துவைக்க முடியாது. மருந்து கொடுக்கும் நாளுக்கென்று குழாயடி நேரத்தை நீட்டுவது மருத்துவத்தின் பகுதிதான்.

ஆறாம் நாள்: டெக்னாஃப்

தெற்கே போகப் போக நிலம் மெலிந்து, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நாஃப் ஆறு. இங்கே ஆழமாகத் துளைத்தாலும் நல்ல நீர் கிடைப்பது அரிது. பாறையோ உப்போதான் வருகிறது. நயாபாரா போன்ற முகாம்கள் மழை நீரைத் தேக்கிய நீர்த்தேக்கத்தை நம்பியிருக்கின்றன. பங்குனியில் கரையோரம் வெடித்த சேறு தெரிகிறது. ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் தினம் 5 மில்லிமீட்டர் ஆவியானால் 50,000 லிட்டர் போகிறது, 3,300 பேரின் ஒரு நாள் நீர். தேக்கத்தை அகலமாக வெட்டுவதைவிட ஆழமாக வெட்ட வேண்டும் என்று இங்குள்ளவர்கள் சொல்வது இதனால்.

கலங்கிய நீருக்குக் குளோரினுக்கு முன் படிகாரம். இதற்கும் வாளிச் சோதனைதான். லிட்டருக்கு 50 மில்லிகிராம் பொருந்துகிறது என்றால் 95 கன மீட்டர் தொட்டிக்கு 4.75 கிலோ. தொட்டி நிரம்பும்போதே நுழைகுழாயில் கலந்தால்தான் நன்றாகக் கலக்கும். நிரம்பிய பிறகு மேலே கொட்டினால் பாதி அப்படியே அடியில் உட்காரும். படிந்த நீரில் கலங்கல் 5 என்.டி.யு.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே வந்த பிறகே குளோரின். வெளியெடுக்கும் குழாய் மிதவையில் தொங்க வேண்டும், அடியிலிருந்து எடுத்தால் படிந்ததெல்லாம் திரும்ப வரும்.

தேக்கம் வற்றினால் லாரி. 10,000 பேருக்கு 15 லிட்டர் வீதம் 150 கன மீட்டர். இந்தச் சாலையில் நுழையும் 3,000 லிட்டர் லாரிக்குத் தினம் 50 நடை. ஒவ்வொரு லாரியிலும் நிரப்பும் இடத்திலேயே குளோரின் போட்டால், வரும் வழியின் அரை மணி நேரமே காத்திருப்பு நேரமாகிவிடுகிறது, குலுக்கலில் கலந்தும் விடுகிறது. இறக்கும் இடத்தில் அளந்து, ஓட்டுநரின் தாளில் எழுதிய பிறகே வால்வைத் திறக்க வேண்டும்.

இறக்கி முடித்த லாரி ஒன்று எங்கள் முன்னால் கிளம்பியது. குழலின் வாய் சாலைச் சேற்றில் இழுபட்டுக்கொண்டே போனது. அடுத்த நடையில் அதே வாயைத்தான் தொட்டிக்குள் விடுவார்கள். குழல் முனைக்கு ஒரு மூடி, லாரியின் பின்பக்கம் அதை மாட்ட ஒரு இரும்புக் கொக்கி. பட்டறையில் ஒரு மணி நேர வேலை. அந்தத் தளத்தின் பொறுப்பாளரிடம் சொன்னோம், மாலைக்குள் இரண்டு லாரிகளில் கொக்கி வைத்துவிட்டார்கள். மீதி லாரிகள் நாளை பட்டறைக்குப் போகின்றன.